ஊர்வதெல்லாம் ஊர்வனவா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1976-ல் ராமுலஸ் விட்டேகர் தொடங்கியது. போன கோடை விடுமுறையில் என் மகளை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். சதுப்பு முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெட்டிப்போட்ட பனைமரம் மாதிரி கிடந்தன. அரைமணி நேரம் பார்த்தும் ஒன்றும் அசையவில்லை. கிளம்பலாம் என்று திரும்பியபோது ஒரு முதலை எழுந்தது. வயிறு தரையில் படாமல் நான்கு கால்களையும் ஊன்றி, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற பெரியவர் போல நிதானமாக நடந்து போய்த் தண்ணீருக்குள் இறங்கியது.

"அப்பா, இது நடக்குது. ஊரவே இல்ல. அப்புறம் ஏன் புக்ல ஊர்வனன்னு போட்டிருக்கு?"

"பாம்பு ஊருதுல்ல, அந்தக் கூட்டத்துல சேர்ந்தது இது."

"ஆமையும் நடக்குது. ஓணான் ஓடுது. பாம்பு ஒண்ணுதான் ஊருது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எறும்பு கூட ஊருதுன்னு பாட்டி சொல்லும், எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு. எறும்பு ஊர்வனவா?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று சொல்லாமல் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. அதன் பிறகு பல மாதங்கள் அகராதிகளையும் உரைகளையும் புரட்டிக்கொண்டிருந்ததற்கு அவள்தான் காரணம். வேறொரு காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஊர்வன என்பது ஊர் என்ற வினையிலிருந்து வருகிறது. ஊர், வகர இடைநிலை, அன் சாரியை, அ விகுதி. பலவின்பால் வினையாலணையும் பெயர். பறப்பன, நடப்பன, நீந்துவன என்பவை எப்படியோ அப்படித்தான் இதுவும். எது எது ஊர்கிறதோ அதெல்லாம் ஊர்வன. பாம்பும் ஊர்வன, எறும்பும் ஊர்வன, நத்தையும் தலையில் பேனும் ஊர்வன. இலக்கணப்படி என் மகள் சொன்னதுதான் சரி.

இந்த ஊர் வேறு, நாம் வாழும் ஊர் வேறு. திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவாகத்தான் வைத்திருக்கிறது. நகர்ந்து நகர்ந்து போய் ஒரு இடத்தில் தங்கியதால் ஊர் ஆயிற்று என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஊர்வலம் என்பதும் ஊரை வலம் வருவதுதான், ஊர்ந்து வருவதல்ல. (எங்கள் பக்கத்துத் தேர் வரும் வேகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றும்.)

ஊர்தல் என்ற வினைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, தரையோடு ஒட்டி மெல்ல நகர்வது. இன்னொன்று, ஒன்றன்மேல் ஏறிச் செல்வது. யானை ஊர்ந்தான், குதிரை ஊர்ந்தான், தேர் ஊர்ந்தான் என்று பழைய பாடல்கள் முழுக்க வரும். பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் உட்கார்ந்து போகிறவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிற 37-ஆம் குறளில், உட்கார்ந்திருப்பவனுக்கு வள்ளுவர் கொடுக்கும் வினை ஊர்தல்தான். ஊர்தி என்ற சொல் அங்கிருந்து வருகிறது. இன்று ஆம்புலன்சில் அவசர ஊர்தி என்று எழுதியிருக்கிறதே, அந்த ஊர்தியும் பாம்பின் ஊர்தலும் ஒரே வேர்.

மெல்ல நகர்வதும் ஏறிப் போவதும் எப்படி ஒரே வினைக்குள் வந்தன? எனக்குத் தோன்றுவது இது. இரண்டிலும் அடி எடுத்துவைப்பது கண்ணுக்குத் தெரியாது. பல்லக்கில் இருப்பவன் கால் அசைவதில்லை, ஆனால் அவன் போய்க்கொண்டிருக்கிறான். பாம்புக்குக் காலே இல்லை, அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. வானத்தில் நிலவும் மேகமும் ஊர்கின்றன என்று சொல்வதும் இதனால்தான் இருக்க வேண்டும். எறும்புக்கு ஆறு கால் உண்டு, ஆனால் நின்று பார்க்கிற மனிதனின் உயரத்திலிருந்து அது ஒரு கறுப்புக் கோடு நகர்வது போலத்தான் இருக்கிறது. ஆக, ஊர்தல் என்பது அந்த உயிரைப் பற்றிய சொல் என்பதைவிட, நின்றுகொண்டு பார்க்கிற நம் கண்ணைப் பற்றிய சொல்.

உடம்பில் ஏதோ நகர்வது போல அரிப்பெடுத்தால் ஊரல் என்கிறோம். கிரேக்கத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. ஹெர்பெயின் என்றால் ஊர்தல். ஹெர்பெட்டான் என்றால் ஊர்வது. பாம்பு பல்லிகளை ஆராயும் துறைக்கு ஹெர்பெட்டாலஜி என்று பெயர் வந்தது இதிலிருந்துதான். தோலில் படர்ந்துகொண்டே போகும் கொப்புளத்துக்கு ஹெர்பிஸ் என்று பெயர் வந்ததும் இதிலிருந்துதான். ஹெர்பிஸ் வகையில் ஒன்றை நம் ஊரில் அக்கி என்போம். குயவர் வீட்டுக்குப் போய்ச் செம்மண்ணால் அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள்.

கிரேக்கத்தில் ஹகரமாக இருப்பது லத்தீனிலும் சம்ஸ்கிருதத்திலும் ஸகரமாக இருக்கும். லத்தீனில் செர்பெரே, ஊர்வது. செர்பென்ட் என்ற ஆங்கிலச் சொல் அங்கிருந்து. சம்ஸ்கிருதத்தில் ஸ்ருப் என்ற வேர், அதிலிருந்து சர்ப்பம். அதே வேரை இரட்டித்து, ஊர்ந்து ஊர்ந்து போவது என்ற பொருளில் சரீஸ்ருபம். இந்தியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பாடப்புத்தகத்தில் இருப்பது இந்தச் சொல்தான். மலையாளத்தில் உரகம். உரம் என்றால் மார்பு, க என்றால் செல்வது, மார்பால் செல்வது. லத்தீனில் ஊர்தலுக்கு இன்னொரு வினையும் உண்டு, ரேபெரே. அதிலிருந்து வந்ததுதான் ரெப்டைல்.

இத்தனை மொழிகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன. யாரும் செதிலைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, முட்டையைப் பார்த்து வைக்கவில்லை, குளிர்ந்த ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தும் வைக்கவில்லை. எல்லோரும் பார்த்தது அது போகிற போக்கை.

*

அந்தச் சொற்களெல்லாம் தொடக்கத்தில் அகலமாகத்தான் இருந்தன. விவிலியத்தின் முதல் அதிகாரத்தில் கடவுள் உயிர்களைப் படைக்கும் இடத்தில், தமிழ் மொழிபெயர்ப்பில் ஊரும் பிராணிகள் என்று வருகிறது. எபிரேய மூலத்தில் ரெமெஸ். அதில் பாம்பும் உண்டு, தரையோடு திரியும் சின்னஞ்சிறு உயிர்கள் எல்லாமும் உண்டு. அதே அதிகாரத்தின் லத்தீன் பெயர்ப்பில் ரெப்டைல் என்ற சொல் முதலில் வரும் இடம் எது என்று பார்த்தால், தரையே இல்லை. தண்ணீர் பிறப்பிக்கட்டும் என்று சொல்லப்படும் உயிர்களுக்கு அந்தச் சொல். இன்றைய கணக்கில் மீனும் இறாலும் அதில் அடங்கும்.

தமிழிலும் அப்படித்தான். எழுபிறப்பு என்று ஒரு கணக்கு உண்டு. தேவர், மக்கள், விலங்கு, பறவை, நீர்வாழ்வன, ஊர்வன, தாவரம். ஒவ்வொன்றிலும் எத்தனை லட்சம் பிறவி என்பதற்கு ஒரு பழைய வெண்பாவும் உண்டு. ஊர்வன 11 லட்சம், மனிதர் 9 லட்சம், நீர்வாழ்வனவும் பறவையும் நாற்கால் விலங்கும் பத்துப் பத்து, தேவர் 14, தாவரம் 20. கூட்டினால் 84 லட்சம். இந்தப் பட்டியலில் பூச்சிக்கும் புழுவுக்கும் தனி இடம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவை வேறெங்கே போகும்? ஊர்வனவுக்குள்தான் போக வேண்டும். அப்படியானால் அந்த 11 லட்சத்தில் நாகமும் உண்டு, கறையானும் உண்டு.

தொல்காப்பியத்தின் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரைக்குமான பகுப்பு எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அதைவிட வியப்பானது, அதே இயலின் தொடக்கத்தில் வரும் ஒரு சின்ன விதி. எந்த உயிரின் குஞ்சை எந்தப் பெயரால் அழைக்கலாம் என்று அங்கே ஒரு வரிசை வருகிறது. பறக்கும் உயிர்களின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்கள் உரியவை. தவழ்பவற்றின் இளமைக்கும் அதே பெயர்கள்தான். குட்டி, கன்று என்பதெல்லாம் மற்ற விலங்குகளுக்கு. அதாவது பெயர் வைக்கும்போது ஆமையும் முதலையும் பறவையோடுதான் சேர்கின்றன, பசுவோடோ பூனையோடோ அல்ல. இலக்கியத்தில் இது அப்படியே இருக்கிறது. ஐங்குறுநூற்றின் மருதப் பாட்டுகளில் ஓரம்போகியார் முதலையின் குஞ்சை ஓரிடத்தில் பார்ப்பு என்கிறார், வேறொரு பாட்டில் பிள்ளை என்கிறார். குறுந்தொகையில் ஆமைக் குஞ்சும் பார்ப்புதான்.

ஓரம்போகியார் சொல்வது, முதலை தன் பார்ப்பைத் தின்னும், அதற்கு அன்பு இல்லை என்று. பரத்தையரிடம் போகிற தலைவனைக் குத்திக்காட்ட அந்த உவமை. ஆனால் முதலையைப் பொறுத்தவரை இது அநியாயப் பழி. முட்டை பொரிந்ததும் தாய் முதலை குஞ்சுகளை வாயில் கவ்வி எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விடும். கரையில் நின்று பார்ப்பவனுக்குக் குஞ்சு வாய்க்குள் போவதுதான் தெரியும். வெளியே வருவது தெரியாது. ஓரம்போகியாரோ அவருக்குச் சொன்னவரோ கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கண்டது சரி, புரிந்துகொண்டது தப்பு.

தொல்காப்பியர் சொன்னது ஊர்பவை அல்ல, தவழ்பவை. இரண்டும் ஒன்றல்ல. குழந்தை தவழும், ஊராது. தவழ்வதற்குக் கை கால் வேண்டும். சமண நூல்கள் இந்த வேறுபாட்டை இன்னும் நுட்பமாகப் பிரித்திருக்கின்றன. தரைவாழ் ஐயறிவு உயிர்களில் பரிசர்ப்பம் என்று ஒரு பிரிவு. அதில் இரண்டு வகை. மார்பால் ஊர்பவை, கைகளால் ஊர்பவை. பாம்பு முதல் வகை. பல்லி, உடும்பு போன்றவை இரண்டாம் வகை. கீரியையும் அந்த இரண்டாம் வகையில் சேர்த்துவிடுகிறார்கள். நாமும் கீரிக்குட்டி என்று சொல்லாமல் கீரிப்பிள்ளை என்கிறோம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதோ, தற்செயலோ.

என் மகள் கேட்ட கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இங்கே கிடைத்தது. முதலைக்கும் ஆமைக்கும் நம் மொழியில் வேறு சொல் இருந்தது. அவை தவழ்வன. நாம் பாடப்புத்தகம் எழுதும்போது அதை எடுக்கவில்லை.

*

ஐரோப்பாவில் நடந்ததைப் பார்த்தால் நம்மவர்களைக் குறை சொல்லத் தோன்றாது. கார்ல் லின்னேயஸ் 1735-ல் வெளியிட்ட பகுப்பில் ரெப்டைல் என்ற வகுப்பே கிடையாது. பாம்பும் பல்லியும் தவளையும் ஆம்ஃபிபியா என்ற ஒரே வகுப்பில் கிடந்தன. 1758-ல் வந்த பத்தாம் பதிப்பில் அந்த வகுப்பை மூன்றாகப் பிரித்தார். ஒன்றுக்குப் பெயர் ரெப்டைல்ஸ். ஆமை, பல்லி, முதலை, தவளை. காலுள்ளவை எல்லாம். இன்னொன்று செர்பென்ட்ஸ், காலில்லாதவை. மூன்றாவது நான்டஸ், நீந்துபவை. அதில் சுறாவும் திருக்கையும்.

கவனித்தீர்களா? லின்னேயஸ் ஊர்வன என்று பெயர் வைத்த பிரிவில் பாம்பு இல்லை! உலகத்திலேயே ஒழுங்காக ஊர்கிற ஒரே உயிரை வெளியே நிறுத்திவிட்டு, தவளையை உள்ளே சேர்த்திருக்கிறார். என் மகள் அன்று கேட்டதை அவரிடம் கேட்டிருந்தால் அவரும் ஐஸ்கிரீம்தான் வாங்கிக் கொடுத்திருப்பார்.

1768-ல் வியன்னாவில் லாரென்டி என்ற மருத்துவர் ரெப்டீலியா என்பதை ஒரு வகுப்பின் பெயராக்கினார். பாம்பு உள்ளே வந்தது, தவளையும் கூடவே இருந்தது. 1800-ல் பிரெஞ்சுக்காரர் ப்ரோன்யார் ஆமை, பல்லி, பாம்பு, தவளை என்று நான்கு வரிசைகளாகப் பிரித்தார். தவளைக் கூட்டத்தைத் தனி வகுப்பாக வெளியே அனுப்பும் வேலையை 1825-ல் லாத்ரேய் செய்தார். இன்று பள்ளியில் மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று ஐந்தாகச் சொல்கிறோமே, அந்த ஒழுங்குக்கு இன்னும் இருநூறு வயதுதான். நம்முடைய ஊர்வன என்ற பழைய சொல் பிறகு இந்த லத்தீன் சொல்லின் இடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கப்பட்டது. எறும்பும் பேனும் நத்தையும் இறக்கிவிடப்பட்டன. ஊராத ஆமையும் முதலையும் ஏற்றப்பட்டன.

சொல்லுக்கு இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. ஊர்வன பன்மை. ஒரே ஒரு பல்லியைச் சுட்ட வேண்டுமென்றால் ஊர்வது என்று சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் ஊர்வனம் என்று ஒரு ஒருமையைத் தாங்களே உண்டாக்கி, ஊர்வனங்கள் என்று பன்மையும் எழுதுகிறார்கள். என் மகளின் விடைத்தாளிலேயே சிவப்பு மையில் ஒரு சுழி இருக்கிறது. தப்புதான். ஆனாலும் ஒரு வினைச்சொல்லைப் பிடித்து வந்து பெயராக நடி என்றால் அது இப்படித்தான் தடுமாறும்.

கடைசியில், அந்த வகுப்பையே உயிரியல் இப்போது பழைய பொருளில் நம்புவதில்லை. ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950-ல் ஒரு முறையை முன்வைத்தார். 1966-ல் அது ஆங்கிலத்தில் வந்த பிறகு பரவியது. ஒரு மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் சேர்ந்தால்தான் குடும்பம், பாதி வாரிசை வெளியே விட்டுவிட்டுக் குடும்பம் என்று சொல்லக்கூடாது என்பது அதன் சாரம். அந்தக் கணக்குப் போட்டால் முதலைக்கு மிக நெருங்கிய உறவு பல்லியும் இல்லை, பாம்பும் இல்லை, பறவை. முதலையும் காக்கையும் ஒரு பெரியப்பா சித்தப்பா முறை என்றால், பல்லி ஒன்றுவிட்டு, இரண்டுவிட்ட முறை. மரபணு ஆய்வுகள் ஆமையையும் பல்லியிடமிருந்து பிரித்து முதலை, பறவைப் பக்கமே கொண்டுபோய் வைக்கின்றன. எனவே பறவையை விட்டுவிட்டு ஊர்வன என்று ஒரு வகுப்பு இருக்க முடியாது. சேர்த்தால் மயிலும் ஊர்வனதான்.

தொல்காப்பியருக்கு டார்வின் தெரிந்திருந்தது என்று இப்போது யாராவது வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடக் கூடாது. அவர் முட்டையைப் பார்த்திருப்பார், முட்டையிலிருந்து வருவதைப் பார்ப்பு என்று சொல்லும் வழக்கைக் கேட்டிருப்பார், எழுதிவைத்தார். அவ்வளவுதான். (வாட்ஸ்அப்புக்குத் தமிழில் கட்செவி அஞ்சல் என்கிறார்கள். கட்செவி என்பது பாம்பின் பழைய பெயர், கண்ணையே காதாக உடையது. வெளிக்காது இல்லாத உயிரைப் பார்த்து வைத்த பெயர் எங்கெல்லாம் ஊர்ந்து போயிருக்கிறது பாருங்கள்.)

*

இன்னொரு காரணம் உண்டு என்றேன்.

நான் வளர்ந்தது தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் ஓரக் கிராமம். அங்கே யாரும் ஊர்வன என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாம்பு என்றுகூட, பொழுது சாய்ந்தால் சொல்ல மாட்டார்கள். பூச்சி என்பார்கள். "வெளக்கு எடுத்துட்டுப் போடா, பூச்சி கெடக்கும்." "வைக்கப்போர்ல கைய வுடாத, பூச்சி பொட்டு இருக்கும்." பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயம். இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ரஷ்ய மொழியில் கரடிக்கு உள்ள பெயர் தேன் தின்னி என்றுதான் பொருள்படும். உண்மைப் பெயரைச் சொல்லப் பயந்து சொல்லப் பயந்து, அந்தப் பெயரே மறந்து போயிற்று என்பார்கள்.

ஆக எங்கள் ஊரில் பூச்சி என்ற ஒரே சொல்லில் மரவட்டை, பூரான், தேள், நட்டுவாக்காலி, நாகம் எல்லாம் இருந்தன. யோசித்தால் அந்தப் பழைய 11 லட்சம் ஊர்வனவும் அப்படியே எங்கள் பூச்சிக்குள் உயிரோடு இருந்திருக்கின்றன.

1994 ஐப்பசி. நல்ல மழை. சித்தப்பா வழக்கம்போல் திண்ணையை ஒட்டிய உள்தாழ்வாரத்தில் பாயில் படுத்திருந்தார். இரவு இரண்டு இரண்டரை மணி இருக்கும், எழுந்து சித்தியிடம், "ஏதோ பூச்சி கடிச்சாப்ல இருக்கு" என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். விரலில் ஒன்றும் தெரியவில்லை. வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, வலிகூட இல்லை. எறும்பாக இருக்கும் என்று சுண்ணாம்பு தடவிக்கொண்டு படுத்துவிட்டார். நான்கு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று சித்தி ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். விடிந்தபோது அவரால் இமையைத் தூக்க முடியவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். பேச்சு குழறிய பிறகுதான் வண்டி தேடினோம். அப்போது 108 எல்லாம் கிடையாது. ரைஸ்மில்காரர் வீட்டு வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார், "என்ன கடிச்சது?"

"பூச்சிங்க" என்றார் சித்தி.

அந்த இளம் டாக்டர் டார்ச்சை அடித்து இமையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "பூச்சி இல்லம்மா, கட்டுவிரியன்" என்றார். உடனே எல்லாம் செய்தார்கள். மூச்சுத் தசைகள் அதற்குள் கைவிட்டிருந்தன. மத்தியானம் இறந்துவிட்டார். தாழ்வாரத்தில் நெல்மூட்டைக்குப் பின்னால் அந்தப் பாம்பை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள்.

கட்டுவிரியனின் கடி அப்படித்தான் இருக்கும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இரவில் இரை தேடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடிக்கும், பல் பதிந்த தடம்கூடச் சில சமயம் தெரியாது. நஞ்சு நரம்பைத் தாக்கும். முதலில் வயிற்றுவலி, பிறகு இமை சரிதல், பிறகு மூச்சு. சித்தி பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த மொழியில் சரியாகத்தான் சொன்னார். சித்தப்பாவும் பாம்பை நினைத்துக்கொண்டு பூச்சி என்றாரா, எறும்பை நினைத்துக்கொண்டு சொன்னாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தச் சொல்லுக்குள் இரண்டும் இருந்தன. சித்தி எறும்பை எடுத்துக்கொண்டார்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-ல் வந்த ஒரு ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தில், வீட்டில் இறந்தவர்கள். 2017-ல்தான் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முதன்மைப் பட்டியலில் சேர்த்தது. கிட்டத்தட்ட 12 லட்சத்தில் என் சித்தப்பா இல்லை. அவர் அதற்கு ஆறு வருடம் முந்தியவர்.

*

இதே சோழமண்டலக் கடற்கரையில், இருநூறு வருடங்களுக்கு முன்னால் ஒருவர் இந்தப் பிரச்சினையின் முன்னால் நின்றிருக்கிறார். பேட்ரிக் ரஸல். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவர். 1781-ல் விசாகப்பட்டினம் வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர் ஆனார். ஊரார் எல்லாப் பாம்புக்கும் பயந்தார்கள், எந்தப் பாம்பு கொல்லும் எது கொல்லாது என்று பார்த்தவுடன் சொல்ல வழி வேண்டும் என்பது அவர் கவலை. பாம்புகளை வரைந்து, கோழிக்கும் நாய்க்கும் கடிக்கவைத்துச் சோதித்து, 1796-ல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். படங்களோடு உள்ளூர்ப் பெயர்களையும் கேட்டு எழுதியிருக்கிறார். நாம் கண்ணாடி விரியன் என்பதற்கு அவர் தெலுங்கில் கேட்டு எழுதிக்கொண்ட பெயர் கட்டுக ரேகுல பொட. இன்று உலகம் அதை ரஸல் விரியன் என்கிறது. பெயர் சொன்னவர்கள் யாரென்று எங்கும் இல்லை.

லாரென்டியும் மருத்துவர், ரஸலும் மருத்துவர். ஊர்வனவைப் பகுத்தவர்களில் இப்படிப் பலர் கடிபட்டவனின் கட்டில் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள். அவர்களுக்கு வகைப்படுத்தல் என்பது அலமாரியை அடுக்குகிற வேலையாக இருந்திருக்காது.

முதலைப் பண்ணை வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பாம்புத்தோல் வணிகம் முடங்கி, அதை நம்பியிருந்த இருளர்கள் பிழைப்பற்றுப் போனார்கள். தோலுக்குப் பதில் நஞ்சு என்ற யோசனையில் பிறந்தது சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, துணி கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்சு எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்குப் பல காலமாக மூலப்பொருள் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

அன்று முதலைகளைப் பார்த்துவிட்டு நாங்கள் அங்கேயும் போனோம். ஒருவர் பானையின் துணியை அவிழ்த்து, கொக்கியால் ஒரு கட்டுவிரியனை வெளியே எடுத்தார். கருநீலத்தில் வெள்ளைக் கட்டுகள். பளபளவென்று, அழகாக இருந்தது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, ஆனால் அழகாகத்தான் இருந்தது. மணலில் அது ஊர்ந்தது. என் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "இது ஊருதுப்பா" என்றாள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சித்தியிடம் அவள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தாண்டிவிட்டார் சித்தி. காது கொஞ்சம் மந்தம். ராத்திரி எட்டு மணிக்கு எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்து, "ஆயா, கொல்லையில அம்மாவ ஏதோ பூச்சி கடிச்சிருச்சு, சுண்ணாம்பு இருக்கா?" என்றான். சித்தி சுண்ணாம்பு டப்பாவைத் தேடவில்லை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவனைக் கேட்டார்:

"கால் உள்ள பூச்சியாடா, கால் இல்லாத பூச்சியா?"